வாயைக் கட்டினால் போதுமா?

ஸ்ரீரங்கத்தில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்துவிட்டால் போதும், அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. பக்கத்து வீட்டு மாமா, பூக்கடைக்காரம்மா, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். வெந்தயம், பாகற்காய் ஜூஸ், ஆவாரம்பூ என்று சுற்றி வந்து கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். "என்ன மருந்து சாப்ட்டாலும் வாயைக் கட்டணும் ஓய்!"

எடை கூடினவர்களுக்கும் இதே வசனம்தான். குண்டாக இருக்கிறவர் என்றால் நாக்கு நீளம், மனசில் உறுதி இல்லை, வேறென்ன? இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தப்பு மட்டுமில்லை, கொடுமையும்கூட என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. பயோகெமிஸ்ட்ரி படிக்கிறவன் என்ற அளவில் எழுதுகிறேன், டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை மாற்றிவிடாதீர்கள்.

முதலில் ஒரு கேள்வி. இன்சுலின் எங்கே சுரக்கிறது? கணையத்தில். ப்ளஸ் டூ படித்த யாரும் சொல்லிவிடுவார்கள். எப்போது சுரக்கிறது? "ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது." இதுவும் சரிதான். ஆனால் இது மட்டும்தான் விஷயம் என்றால், சர்க்கரை வாய் வழியாகப் போனாலும் ஊசி வழியாக ரத்தத்தில் போனாலும் கணையத்துக்கு ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படி இல்லை. 1964-ல் லண்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்தால் சுரக்கும் இன்சுலின், நரம்பில் ஏற்றும்போது சுரப்பதைவிட நிறைய அதிகம். பின்னால் வந்த ஆய்வாளர்கள், ரத்தத்தில் சர்க்கரை அளவு இரண்டு முறையும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டு செய்தபோதும் அப்படியேதான் வந்தது. நல்ல ஆரோக்கியமானவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல் இந்த 'குடல் வழி'யால் வருவது என்று கணக்கு. அப்படியானால் குடல் கணையத்துக்கு ஏதோ சேதி அனுப்புகிறது!

கல்யாணப் பந்தியில் ஒருவர் வாசலிலேயே நிற்பார், பார்த்திருக்கிறீர்களா? ஜனம் உள்ளே வர வர, சமையல்கட்டைப் பார்த்து "இன்னும் நூறு இலை, சாதம் ஏத்துங்கோ!" என்று குரல் கொடுப்பார். பந்தியில் உட்கார்ந்து சாதம் கேட்ட பிறகு உலை வைத்தால் மானம் போய்விடும். நம் குடலில் அந்த வேலையைச் செய்வது இரண்டு ஹார்மோன்கள். சிறுகுடலின் ஆரம்பத்தில் இருக்கும் செல்களிலிருந்து ஜிஐபி. கீழ்க்குடல் பக்கம் அதிகமாக இருக்கும் செல்களிலிருந்து ஜிஎல்பி-1. சோறு குடலைத் தொட்டவுடனே இவை கிளம்பி, 'சர்க்கரை வருகிறது, தயாராகு' என்று கணையத்துக்குச் சொல்லிவிடும். இன்க்ரெடின் என்று இவற்றுக்குப் பொதுப் பெயர்.

ஒரு சின்னத் துணுக்கு: மனிதன் முதன்முதலில் கண்டுபிடித்து 'ஹார்மோன்' என்று பெயர் வைத்ததே குடல் சரக்குக்குத்தான். 1902-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்த செக்ரெடின் அது. ஹார்மோன் என்ற சொல் 1905-ல்தான் வந்தது. அப்படியிருந்தும் இன்றைக்கு ஹார்மோன் என்றால் நமக்குத் தைராய்டும் முகப்பருவும்தான் ஞாபகம் வருகின்றன. குடலை யார் மதிக்கிறார்கள்!

ஜிஎல்பி-1 பலே ஆள். இன்சுலினைக் கூட்டும், ஆனால் ரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தால் மட்டும். சர்க்கரை இறங்கிவிட்டால் அதுவும் அடங்கிவிடும். ஈரலைச் சர்க்கரை கொட்டச் சொல்லும் குளுக்ககானை அமுக்கும். இரைப்பையிலிருந்து சாப்பாடு குடலுக்கு இறங்குகிற வேகத்தைக் குறைக்கும். மூளைக்குப் போய் 'போதும்' என்றும் சொல்லும். இந்தக் கடைசி விஷயத்தில் அதற்குத் துணை நிறையப் பேர். கொழுப்பும் புரதமும் பட்டால் வரும் சிசிகே, கீழ்க்குடலிலிருந்து வரும் பிஒய்ஒய் எல்லாம் அந்தக் கோஷ்டிதான். எதிர்க்கோஷ்டியில் முக்கியமானவர் கிரெலின். 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது. இரைப்பையில் சுரந்து 'பசி, பசி' என்று மூளையைப் பிறாண்டுவது இதன் வேலை.

கிரெலினில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஏகாதசிக்குப் பட்டினி கிடந்த நம் பாட்டிமார்களுக்கு அனுபவத்திலேயே தெரிந்தது அது. மதியம் ஒரு மணிக்கு வயிற்றைக் கிள்ளும் பசி, ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலும் இரண்டரை மூன்றுக்குத் தானாக அடங்கிவிடும். ஒரு நாளுக்கு மேல் பட்டினி இருந்தவர்களிடம் கிரெலினை அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். அது வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் ஏறி, சாப்பாடு வராவிட்டாலும் தானாக இறங்கியது. பசி என்பது வயிறு காலி என்ற தகவல் மட்டும் இல்லை. குடல் நம் வீட்டுக் கடிகாரத்தைப் படித்து வைத்திருக்கிறது.

(வைகுண்ட ஏகாதசி கூட்டத்தில் முழுப்பட்டினி இருக்கிற சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்துவிடும். பட்டினியோடு அவற்றைப் போட்டால் லோ சுகர் ஆகி விழ வாய்ப்பு உண்டு. விரதத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.)

சரி, சர்க்கரை நோயாளிக்கு இந்தக் குடல் சேதி என்ன ஆகிறது? 1986-ல் ஜெர்மனியில் நவுக் என்பவரும் கூட்டாளிகளும் காட்டியது இது: டைப் 2 நோயாளிகளிடம் வாய் வழிக்கும் நரம்பு வழிக்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வாசலில் நிற்பவர் கத்துகிறார், சமையல்கட்டில் யார் காதிலும் விழவில்லை. ஜிஐபி-யை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை. ஜிஎல்பி-1 கொடுத்தால் வேலை செய்தது! 1993-ல் இது தெரிந்ததும் மருந்துக் கம்பெனிகளுக்கு எச்சில் ஊறிவிட்டது.

ஒரே பிரச்னை, ஜிஎல்பி-1-க்கு ஆயுள் இரண்டு நிமிஷம்தான். டிபிபி-4 என்ற என்சைம் உடனே வெட்டிப் போட்டுவிடும். இதைத் தாண்ட இரண்டு வழி பிடித்தார்கள். ஒன்று, வெட்டுகிறவன் கையைக் கட்டுவது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் எல்லாம் இதுதான். உங்கள் வீட்டுத் தாத்தாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள், 'கிளிப்டின்' என்று முடியும் பெயர் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். குடல் ஹார்மோன் வைத்தியம் ஏதோ அமெரிக்க சினிமா நடிகைகள் சமாசாரம் என்று நினைத்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அது தில்லை நகர் மெடிக்கல் ஷாப்பில் வருஷக்கணக்காக விற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது வழி, வெட்டுப்படாத ஜிஎல்பி-1 போலி ஒன்றைச் செய்வது. முதல் போலி கிடைத்தது ஒரு பல்லியிடம்! அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற விஷப்பல்லி. அதன் விஷத்தில் ஜிஎல்பி-1 மாதிரியே இருந்து, ஆனால் சீக்கிரம் வெட்டுப்படாத ஒரு பொருளை 1990-களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்ஸினடைடு ஊசி 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. (நம்ம ஊர் உடும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யாரும் பிடிக்கக் கிளம்ப வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போய்விடுவீர்கள்.) அதன் பிறகு லிராகுளுடைடு, 2017-ல் செமாகுளுடைடு, 2022-ல் ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் டிர்செபடைடு. செமாகுளுடைடு உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் வாரம் ஒரு ஊசி போதும்.

சர்க்கரைக்காக வந்த மருந்து எடையையும் குறைத்தது. 2021-ல் வெளியான ஆய்வில் செமாகுளுடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை இறங்கியது. டிர்செபடைடு அதிக டோஸில் 72 வாரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியது. ஊசியை நிறுத்தின பிறகு என்ன ஆச்சு? ஒரு வருஷத்தில், இறங்கினதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது.

இங்கேதான் 'வாயைக் கட்டு' கட்சிக்கு என் முதல் கேள்வி. ஊசி போட்டபோது இவர்களுக்கெல்லாம் திடீரென்று ஒழுக்கம் வந்துவிட்டதா? நிறுத்தியதும் ஒழுக்கம் ஓடிவிட்டதா? அதே ஆட்கள், அதே நாக்கு. மாறினது ஒரு ஹார்மோன் சேதி மட்டும்தான்.

ஊசியே இல்லாத சாட்சியும் உண்டு. 2011-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், 50 பேருக்குப் பத்து வாரம் கடுமையான டயட் கொடுத்து எடையைக் குறைத்தார்கள். பிறகு ஒரு வருஷம் கழித்து ரத்தத்தைப் பார்த்தார்கள். கிரெலின் ஏறியே இருந்தது. பிஒய்ஒய்-யும், கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டினும் இறங்கியே இருந்தன. பழைய எடைக்குப் போகும்வரை உடம்பு பசியை விடாமல் கூட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் இருக்கிற ஆளிடம் போய், இரண்டு கிலோ திரும்ப ஏறிவிட்டது என்பதற்காக, "சாப்பாட்டைப் பார்த்தா உனக்கு விடாதே" என்று சபையில் வைத்துச் சொல்வது என்ன நாகரிகம்?

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இப்படி நாலு தடவை இளைத்து நாலு தடவை ஏறியவர். ஐந்தாவது தடவை டாக்டரிடமே போகவில்லை. திட்டு வாங்க யாருக்குத் தெம்பு இருக்கும்? மூன்று வருஷம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. அவரைப் பயப்படுத்தியது நோய் இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான். இதை நான் கொடுமை என்று சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குண்டானவர்களையே முறைத்துக்கொண்டிருந்ததில் நாம் கோட்டை விட்டது ஒல்லியானவர்களை. 2004-ல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது, ரொம்பப் பிரபலம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். உயரத்துக்கு எடைக் கணக்கான பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! கையும் காலும் குச்சி, வயிற்றில் மட்டும் சின்னத் தொப்பை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் இந்த உருவத்தில் ஐம்பது பேரைப் பார்க்கலாம். இவர்களை யாரும் வாயைக் கட்டச் சொல்ல மாட்டார்கள். "உனக்கென்ன, ஒல்லியா இருக்கே, இன்னொரு ஜாங்கிரி போட்டுக்கோ" என்பார்கள். இந்தியர்களுக்கு அதிக எடை என்பதை 25-ல் தொடங்காமல் 23-லேயே தொடங்க வேண்டும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், நோயின் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இத்தனை பேருக்கும் மன உறுதி ஒரே நேரத்தில் காணாமல் போனது என்றால், அது உலக அதிசயம்தான் :)

அப்போ சாப்பாடு ஒன்றுமே இல்லையா, எல்லாம் ஹார்மோன் செயலா என்று கேட்பீர்கள். அதையும் நான் சொல்லவில்லை. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து, அதில் பெரும்பகுதி தீட்டின அரிசி, மைதா, சர்க்கரை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நோயின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று வருஷம்போலக் கவனித்தார்கள். சாப்பாடு, நடை இரண்டையும் மாற்றினவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் கிட்டத்தட்ட அதே பலன். ஆக, வாயால் பலன் உண்டு. ஆனால் ஒன்றுமே செய்யாத கூட்டத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தபோது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொன்ன கூட்டத்திலும் 39 பேருக்கு வந்தது. அந்த 39 பேரையும் நாம் திட்டுவோமா?

குடலைப் புரிந்துகொண்டால் சாப்பாட்டு யோசனையே கொஞ்சம் மாறுகிறது. 'எவ்வளவு' என்பதோடு 'எது முதலில்' என்ற கேள்வியும் வருகிறது. 2016-ல் ஜப்பானில் அரிசிச் சோற்றுக்குக் கால் மணி நேரம் முன்னால் மீன் அல்லது கறி கொடுத்துப் பார்த்தார்கள். ஜிஎல்பி-1 கூடியது, இரைப்பை மெதுவாகக் காலியானது, சர்க்கரை ஏற்றம் குறைந்தது. சோறு அதே சோறுதான், வரிசை மட்டும் வேறு. நம் தலைவாழை இலையை யோசித்துப் பாருங்கள். பொரியல், கூட்டு, பச்சடி எல்லாம்தான் முதலில் விழும். நாம் என்ன செய்வோம்? அதைத் தொடாமல், சாதம் எப்போ வரும் என்று சமையல்கட்டையே பார்த்துக்கொண்டிருப்போம்! கூட்டையும் சுண்டலையும் முதலில் தின்று முடித்துவிட்டுச் சோற்றைத் தொட்டால் குடலுக்கு முன்தகவல் போய்ச் சேரும். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் வைத்தவர்களுக்கு ஜிஎல்பி-1 தெரிந்திருந்தது என்றெல்லாம் நான் ரீல் விட மாட்டேன். ஆனால் பட்டினிக்கு அடுத்த நாள் வயிற்றில் வெறும் சர்க்கரைப் பொங்கலைக் கொட்டவில்லை, அது நல்ல புத்தி.

ரீல் என்றதும் ஞாபகம் வருகிறது. 'பழைய சோற்றில் ஓசெம்பிக்' என்று ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆறின சோற்றில் குடலில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும். அதைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது வரும் பொருள்கள் ஜிஎல்பி-1 செல்களைத் தட்டிவிடவும் கூடும். அவ்வளவுதான். உடம்பில் தானாகச் சுரப்பது இரண்டு நிமிஷ ஜிஎல்பி-1, ஊசியில் வருவது ஒரு வாரம் நிற்பது. இரண்டும் ஒன்று என்பது அகல் விளக்கையும் ஹைமாஸ்ட் விளக்கையும் ஒன்று என்பது மாதிரி.

இப்போது பணத்துக்கு வருவோம். 2025 மார்ச்சில் டிர்செபடைடு இந்தியாவுக்கு வந்தபோது மிகக் குறைந்த டோஸே வாரத்துக்கு 3,500 ரூபாய், மாதம் 14,000. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு அது மருந்தே இல்லை, விளம்பரம். ஆனால் விலை என்பது கல்வெட்டு இல்லை. 2019 டிசம்பரில் வில்டாகிளிப்டின் காப்புரிமை முடிந்தது, உள்நாட்டுக் கம்பெனிகள் புகுந்தன, விலை சரிந்தது. 2022-ல் சிட்டாகிளிப்டினுக்கும் அதே கதை. 2026 மார்ச்சோடு செமாகுளுடைடுக்கும் இந்தியக் காப்புரிமை முடிந்திருக்கிறது.

விலை இறங்கினால் முதலில் யார் வரிசையில் நிற்கப் போகிறார்கள்? என் பயம் இதுதான்: கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் ஆறு கிலோ குறைக்க நினைக்கிற மாப்பிள்ளையும் பெண்ணும். இவர்கள் ஊசி போட்டு, நிறுத்தி, திரும்ப ஏறி... நடுவில் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். ஏற்கெனவே தசை குறைவான யாக்னிக் உடம்பு நமக்கு! திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்புதான் முந்தி வரும். குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல், அபூர்வமாகக் கணைய அழற்சி என்று பக்கவிளைவும் உண்டு. டாக்டர் பார்க்காமல் போட்டுக்கொள்ளும் சமாசாரம் இல்லை இது.

உண்மையில் இந்த மருந்து தேவைப்படுகிறவர்கள் வேறு. இதய நோயும் அதிக எடையும் உள்ள 17,000-க்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. அவர்களில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை. 2024-ல் வந்தது சிறுநீரகம் கெட ஆரம்பித்த சர்க்கரை நோயாளிகள் பற்றியது. பெரிய சிறுநீரகப் பாதிப்பும், சிறுநீரகம் அல்லது இதயம் தொடர்பான சாவும் சேர்ந்து 24 சதவீதம் குறைந்தன. டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், கூட ஒரு ஆள், பஸ் காசு, போன கூலி. அரசு இலவசமாகச் செய்தாலும் இந்தச் செலவெல்லாம் நோயாளி தலையில்தான்.

அதனால் என் கோரிக்கை எடை பற்றியதே இல்லை. புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை மாதிரி இடங்களில், சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்த சர்க்கரை நோயாளிக்கு, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு, விலை இறங்கிய இந்த ஊசி மாத்திரை கவுண்ட்டரில் கிடைக்க வேண்டும். மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குவதில் தமிழ்நாடு 1990-களிலிருந்தே நாட்டுக்கு முன்மாதிரி. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. வழி போட்டாயிற்று. இந்த மருந்து குளிரில் வைக்க வேண்டியது, ஊசி போடச் சொல்லித்தர வேண்டியது, யாருக்கு என்று கறாராகப் பிரிக்க வேண்டியது. மூன்றும் சிரமம்தான். ஆனால் இன்சுலினை இதே கவுண்ட்டர்களில்தானே இத்தனை வருஷமாகக் கொடுக்கிறோம்? அதையும் குளிரில்தான் வைக்கிறோம், ஊசி போடவும் நர்ஸம்மாதான் சொல்லித் தருகிறார்.